காணிப் பேரேட்டை முகிலில் ஏற்றுமுன்

அரசாங்கத்தின் ஏடுகள் ஒவ்வொன்றாகக் கணினிக்குள் புகுந்துகொண்டிருக்கின்றன. அரசாங்கத்துக்குச் செலுத்தவேண்டிய கட்டணங்களைக் கைத்தொலைபேசி வாயிலாகச் செலுத்தும் ‘கவ்பே’ முறை 2025 பெப்ரவரியில் தொடங்கப்பட்டது. இந்தியாவின் நன்கொடை உதவியோடு எண்முறை அடையாள அட்டைத் திட்டம் உருவாகி வருகின்றது. காணிப் பதிவகங்களின் பழைய ஏடுகளும் படம் பிடிக்கப்பட்டுக் கணினியில் ஏற்றப்படுகின்றன. இவையாவும் போய்ச் சேருமிடத்துக்கு இக்காலத்தார் இட்ட பெயர் முகில். ஆங்கிலத்தில் ‘கிளவுட்’ என்பர்.

இம்மாற்றத்தை நாம் எதிர்க்கவில்லை. காலத்தோடு வருவதைக் கதவடைத்து நிறுத்திவிட முடியாது, நிறுத்தவும் தேவையில்லை. ஆயினும், விசுவமடுவில் மூன்று ஏக்கர் நிலத்தை நம்பி வாழும் விவசாயி ஒருவர் இவ்வேளையில் உரத்துக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. “என் காணியின் பதிவு எத்தனை பிரதிகளாக, எத்தனை இடங்களில், எவரெவர் பொறுப்பில் இருக்கப்போகின்றது?” என்பதே அக்கேள்வி. கணினி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் முடிந்துவிட்டது. பிரதி எத்தனை என்ற விவாதம் இன்னும் தொடங்கவேயில்லை. அதனைத் தொடங்கிவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் ஏட்டில் தொங்கும் உரிமை

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் அமைந்துள்ள விசுவமடு, காடு வெட்டிக் கழனியாக்கிய குடியேற்றக்காரரின் ஊர். நெல்லும் மிளகாயும் வெங்காயமும் கச்சானும் விளைவித்த கைகளுக்கு அங்கே நிலம் கிடைத்தது பரம்பரை உறுதியால் அன்று. வன்னியின் பெரும்பாலான குடியேற்றக் காணிகளைப் போலவே, 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமும் அளிப்புப் பத்திரமுமே அங்குள்ளோரின் ஆதாரங்கள். அப்பத்திரத்துக்குத் துணை நிற்பது பிரதேச செயலகத்தில் உள்ள காணிப் பேரேடு.

அப்பேரேட்டின் கனம் எத்தகையது என்பதைச் சட்டம் படித்தோர் அறிவர். நிலம் உழுவோரும் அறியவேண்டும். அக்கட்டளைச் சட்டத்தின்படி, காணிக்காரர் தமக்குப் பின்னர் காணியைப் பெறவேண்டியவரை நியமிக்கலாம். இறுதி விருப்பாவணம் மூலம் செய்யப்படும் நியமனம் ஒருபுறமிருக்க, ஏனைய நியமனப் பத்திரம் எதுவாயினும் காணிக்காரர் இறப்பதற்கு முன்னர் பதிவு செய்யப்பட்டிருந்தாலன்றிச் செல்லாது. அதாவது, தந்தை தம் மகளைப் பின்னுரித்தாளராக நியமித்தார் என்பது ஊரறிந்த உண்மையாக இருந்தாலும், ஏட்டில் அது காணப்படாவிடின் சட்டத்தின் முன் அது நடவாத ஒன்றே. நியமனம் இல்லாதவிடத்து, 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தம் வரும்வரை, ஆண்மக்களுக்கே முதலிடம் கொடுத்த அட்டவணை ஒன்று பின்னுரித்தைத் தீர்மானித்து வந்தது. அக்காலத்தில் தந்தையால் நியமிக்கப்பட்ட பெண்பிள்ளைக்கும் அவளுடைய வயலுக்கும் இடையே நின்ற ஒரே பாதுகாப்பு, பேரேட்டின் ஒரு வரி. அந்த வரி எரிந்தால் அவளுடைய உரிமையும் எரியும். இதைவிடத் தெளிவாக ஓர் ஏட்டின் பெறுமதியை எடுத்துரைக்க எம்மால் இயலாது.

அழிந்த ஏடுகளின் பின்கதை

ஏடுகள் அழியும் என்பதை வன்னிக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை முல்லைத்தீவு நகரை அழித்தது. 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் விசுவமடு முதலாகக் கடற்கரை வரையுள்ள ஊர்கள் யாவும் வெறுமையாயின. மக்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடினர். பிறப்புச் சான்றிதழையும் அனுமதிப்பத்திரத்தையும் பொலித்தீன் பையிற் சுற்றி இடுப்பிற் கட்டிக்கொண்டு ஓடியோரும் உளர். பத்திரம் வீட்டோடு போக, வெறுங்கையோடு முகாமை அடைந்தோரும் உளர்.

அதன் பின் நிகழ்ந்தவை என்ன? 2011 யூலையில் காணி ஆணையாளர் நாயகத்தின் 2011/4 ஆம் இலக்கச் சுற்றறிக்கை வட, கிழக்கு மாகாணக் காணிகளைப் பற்றி வெளிவந்தது. அது நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. பின்னர் 2013/01 ஆம் இலக்கச் சுற்றறிக்கை அதன் இடத்துக்கு வந்தது. போரினால் நிலத்தை விட்டு நீங்கியோர் ஆட்சியுரிமைக் காலக்கணக்கினால் தம் நிலத்தை இழக்காதிருப்பதற்கு 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் தேவைப்பட்டது. இறுதியாக 2025 மார்ச் 28 ஆம் நாள், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் நிலத்தைக் குறித்து வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வெளியாயிற்று. மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிடின் அந்நிலம் அரசாங்கத்துக்குரியதாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். 2025 யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அதனை மீளப்பெற்றது.

வழக்கு வென்றது, நன்று. ஆனால் அவ்வறிவித்தல் மக்களிடம் கேட்டது யாது? “உன் ஆதாரத்தைக் கொண்டு வா” என்பதே. ஆதாரத்தைப் போரிலும் அலையிலும் பறிகொடுத்தவனிடம் ஆதாரம் கேட்பது எத்தகைய நீதி? நாளைக்கு இன்னோர் அறிவித்தல் வரலாம். அன்றைக்கு, “ஏடு கணினியில் இருந்தது, கணினி பழுதாயிற்று” என்று ஓர் அலுவலர் கைவிரிக்க இடம் வைக்கலாகாது என்பதே எமது கவலை.

முகில் எங்கே இருக்கின்றது?

முகில் என்ற பெயர் அழகானது, ஆனால் மயக்குவது. அது வானில் இல்லை. எங்கோ ஒரு நகரில், மின்சாரமும் குளிரூட்டியும் காவலும் உள்ள கட்டடத்தில், வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட கணினிகளே முகில். அவற்றைத் தம் சொந்தப் பணத்தில் வாங்காமல், வேண்டிய அளவுக்கு வாடகைக்கு எடுப்பதே பொது முகில். மும்பாயிலும் ஐதராபாத்திலும் சிங்கப்பூரிலும் பெருங்கம்பனிகள் இத்தகைய நிலையங்களை நடத்துகின்றன. இலங்கை அரசாங்கமும் தனக்கென ஒரு முகிலை வைத்திருக்கின்றது.

வாடகைக்கு எடுத்த கணினியின் வட்டு தானாகவே பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. அமேசான் கம்பனியின் முகிலை எடுத்துக்கொள்வோம். கணினியோடு இணைத்துத் தரப்படும் அதன் வட்டு, ‘வலயம்’ எனப்படும் ஒரே நிலையத் தொகுதிக்குள் மட்டுமே பிரதி செய்யப்படுகின்றது. அவ்வகையான சாதாரண வட்டுகள் ஆயிரத்தை ஓராண்டு நடத்தினால் ஒன்றோ இரண்டோ கெடக்கூடும் என்பது அக்கம்பனியே வெளியிட்டுள்ள கணக்கு. ஆயிரத்தில் ஒன்று சிறிய எண்ணாகத் தோன்றலாம். கெட்டுப்போகும் அந்த ஒன்றில் உமது காணியின் பதிவு இருந்தால் அது உமக்குச் சிறிய எண் அன்று.

இக்குறையைத் தீர்க்கவே கொத்துச் சேமிப்பு மென்பொருள் எழுந்தது. ஒரு பெரிய கணினியை நம்பியிராமல், பல கணினிகளை ஒரு கொத்தாகப் பிணைத்து, ஒரே பதிவைப் பல இடங்களில் எழுதிவைப்பது அதன் தொழில். ‘செஃப்’ என்பது அத்தகைய மென்பொருள்களுள் ஒன்று. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாகத் தொடங்கி, எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்தாக அது இன்று விளங்குகின்றது. விலைக்கு வாங்கும் மென்பொருள்களும் பல உள.

இக்கொத்தின் நடைமுறையை விளங்கிக்கொள்ளக் கணினி விற்பன்னராக இருக்கவேண்டியதில்லை. ஊர்ச் சங்கத்தின் கூட்ட நடப்பெண்ணை அறிந்திருந்தாற் போதும். மூன்று கணினிகள் மூன்று வலயங்களில் இருக்கின்றன. ஒரு பதிவு வரும்போது, மூன்றில் இரண்டேனும் எழுதி முடித்த பின்னரே “பதிவாயிற்று” என்ற மறுமொழி கிடைக்கும். ஒரு கணினி இறந்தால் எஞ்சிய இரண்டும் பணியைத் தொடரும். தொடர்பு அறுந்து ஒரு கணினி தனித்துப் போனால், அது தன்னிச்சையாக எதையும் எழுதாது. பெரும்பான்மை இல்லாமையால் வாய் மூடிக்கொள்ளும். இல்லையேல் ஒரே காணிக்கு இரண்டு ஏடுகளில் இரண்டு உரிமையாளர் தோன்றிவிடுவர். இரட்டை உறுதியினால் விளையும் வழக்குகள் எத்தனை தலைமுறை நீளும் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் எடுத்துக் கூறவேண்டுமா?

மூன்று முழுப் பிரதி வைப்பது செலவு என்றால் அதற்கும் வழியுண்டு. 1960 இல் ரீட், சொலமன் என்னும் இரு கணித அறிஞர் வகுத்த முறையொன்று இன்று உலகெங்கும் பயன்படுகின்றது. ஒரு பதிவை நான்கு துண்டாக்கி, அவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஆறாக வைப்பர். ஆறில் எந்த நான்கு எஞ்சினாலும் முழுப் பதிவையும் மீட்டுவிடலாம். வலயத்துக்கு இரண்டு துண்டாக மூன்று வலயங்களில் வைத்தால், ஒரு வலயமே எரிந்து போனாலும் நான்கு மிஞ்சும். மும்மடங்கு இடத்துக்குப் பதிலாக ஒன்றரை மடங்கு இடமே தேவைப்படும். கணிதம் ஏழை நாட்டுக்கு இவ்வளவு பரிந்துதவும்போது, செலவைக் காட்டி மறுக்க என்ன நியாயம் உளது?

நான்கு பாடங்கள்

ஆனால், நல்ல மென்பொருளை வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக உறங்குவதும் பேதைமை. அண்மைய ஆண்டுகள் தந்த நான்கு பாடங்களை ஈண்டு எடுத்துக்காட்டுகின்றோம்.

முதலாவது பாடம், பிரதிகள் ஒரே கூரையின் கீழ் இருக்கலாகாது. தென்கொரியா கணினித் தொழிலில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று. 2025 செப்டெம்பர் 26 ஆம் நாள் அந்நாட்டின் தேஜோன் நகரில் அரசாங்கக் கணினி நிலையத்தில் மின்கலம் ஒன்று தீப்பற்றியது. அறுநூறுக்கு மேற்பட்ட அரசாங்கச் சேவைகள் நின்றன. அரச ஊழியர் தம் கோவைகளைச் சேமித்துவந்த தொகுதியில் 858 தெராபைட் அளவான தரவு முற்றாக அழிந்தது. தொகுதி மிகப் பெரியது என்ற காரணத்தால் அதற்கு வெளியிடத்துப் பிரதியே வைக்கப்படவில்லை! கொத்தாகப் பிணைத்த கணினிகள் அனைத்தும் ஒரே கட்டடத்தில் இருந்தால், அது கொத்தன்று. ஒரே கூரைக்குள் அடுக்கிய வைக்கோற் போர்.

இரண்டாவது பாடம், உடனுக்குடன் பிரதி எடுப்பது வேறு, காப்புப் பிரதி வைப்பது வேறு. கொத்துச் சேமிப்பு உண்மையான ஊழியனைப் போன்றது. எழுது என்றால் மூன்று இடத்திலும் எழுதும். அழி என்றால் மூன்று இடத்திலும் அழிக்கும். கட்டளையிட்டவன் அலுவலனா கள்வனா என்று அது கேளாது. எமது நாட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. 2021 யூலையில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் இலங்கை அரசாங்க முகிலிலிருந்து அழிக்கப்பட்டுப் பெரும் விசாரணைக்குரிய விடயமாயின. 2023 ஒகஸ்ட் இறுதியில் அதே அரசாங்க முகிலின் மின்னஞ்சல் தொகுதியைக் கப்பம் கோரும் தீம்பொருள் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 ஆம் நாள் முதல் ஒகஸ்ட் 26 ஆம் நாள் வரையுள்ள மடல்களுக்கு மீட்கத்தக்க காப்புப் பிரதி இருக்கவில்லை. பழம்பதிப்பான மென்பொருள் காலத்துக்கேற்ப மாற்றப்படாதிருந்ததும் அப்போதுதான் வெளிவந்தது. அமைச்சரவைக்கே இந்நிலையென்றால், விசுவமடுவின் அனுமதிப்பத்திரத்துக்கு எந்நிலை?

மூன்றாவது பாடம், ஒரே கம்பனியின் ஒரே கணக்கில் எல்லாவற்றையும் வைக்கலாகாது. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தவரின் ஓய்வூதியப் பணத்தைப் பராமரிக்கும் அவுஸ்திரேலிய நிதியமான ‘யூனிசூப்பர்’, கூகிள் கம்பனியின் முகிலில் தன் கணினிகளை வைத்திருந்தது. 2024 மே மாதத் தொடக்கத்தில் அக்கணினிகள் திடீரென மறைந்தன. திருடனும் இல்லை, தீயும் இல்லை. ஓராண்டுக்கு முன்னர் அவற்றை அமைத்தபோது ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதனால், ஓராண்டு முடிந்ததும் அனைத்தையும் நீக்கும்படி கணினி தானாகவே முடிவு செய்துவிட்டது. இரு வலயங்களிற் பரந்திருந்தும் பயனில்லை. இரண்டும் ஒருங்கே நீங்கின. ஒரு வாரத்துக்கு மேல் அங்கத்தவர் தம் கணக்கைக் காண முடியவில்லை. ஆயினும் அந்நிதியம் பிழைத்தது. வேறொரு கம்பனியிடமும் காப்புப் பிரதி வைத்திருந்த முன்யோசனை அதற்குக் கைகொடுத்தது.

நான்காவது பாடம், மீட்டுப் பார்க்காத காப்பு காப்பன்று. விதைநெல்லை முளைக்கப்போட்டுப் பார்க்காமல் வயலில் இறைக்கும் விவசாயி உண்டா? பெட்டியில் உள்ளது நெல்லா சப்பியா என்பதை விதைக்கும் நாளில் அறிந்து என்ன பயன்? அவ்வாறே, காப்புப் பிரதியிலிருந்து பேரேட்டை மீட்டெடுத்துப் பரீட்சித்துப் பார்த்த நாளும் பெறுபேறும் ஏட்டிற் குறிக்கப்பட்டிராவிடின், அப்பிரதி இல்லையென்றே கொள்ளவேண்டும்.

போர் வந்தபோது ஏட்டைக் காத்தோர்

இவற்றையெல்லாம் நாம் கற்பனையாகக் கூறவில்லை. செய்து காட்டிய நாடுகள் உள. 2022 பெப்ரவரி 24 ஆம் நாள் ரஷ்யப் படை உக்ரேனுக்குள் புகுந்தது. அதற்கு ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன்னரே அந்நாட்டின் பாராளுமன்றம், அரசாங்கத் தரவுகளை முகிலுக்கு மாற்ற அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. கையில் தூக்கிச் செல்லத்தக்க வட்டுப் பெட்டிகளிலும் வலைத் தொடர்பு வழியாகவும் குடிமக்கள் பதிவேடும் காணி, ஆதனப் பதிவுகளும் வரிக் கணக்குகளும் நாட்டின் எல்லை கடந்து பாதுகாப்படைந்தன. கட்டடங்கள் இடிந்தன, ஏடுகள் எஞ்சின. 2009 இல் எமது மக்கள் பொலித்தீன் பையில் சுமந்ததை, அந்நாட்டில் அரசாங்கமே சுமந்தது. வேறுபாடு தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை. அரசாங்கத்தின் எண்ணத்திலும் உளது.

எஸ்தோனியா அதற்கு முன்னரே ஒரு படி மேலே சென்றது. பதின்மூன்று இலட்சம் மக்களைக் கொண்ட அச்சிறு நாடு, 2017 இல் லக்சம்பேர்க் நாட்டுடன் ஓர் உடன்படிக்கை செய்து, அங்கே ‘தரவுத் தூதரகம்’ ஒன்றை அமைத்தது. காணிப் பதிவேடு உள்ளிட்ட முக்கியமான ஏடுகளின் பிரதிகள் அங்கே உள. கட்டடம் லக்சம்பேர்க்கில் இருப்பினும், தூதரகத்துக்குரிய காப்புரிமை அத்தரவுகளுக்கு உண்டு. பிறநாட்டு மண்ணில் ஏட்டை வைத்தால் பிறநாட்டுச் சட்டம் அதனைப் பிடித்துக்கொள்ளுமே என்று அஞ்சுவோருக்கு இது தக்க விடை. அந்த அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து உடன்படிக்கையும் மறைகுறியாக்கமுமேயன்றி, எல்லாவற்றையும் கொழும்பில் ஒரே அறையிற் பூட்டிவைப்பதன்று.

பல பிரதி என்ற நெறி தமிழருக்குப் புதியதுமன்று. சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்து, சட்டமும் பயின்று, புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியது எங்ஙனம்? ஊர்தோறும் மடந்தோறும் சிதறிக் கிடந்த ஏட்டுப் பிரதிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டல்லவா? ஒன்றிற் செல்லரித்த வரி இன்னொன்றில் எஞ்சியிருந்தது. இவ்வாறு சங்கத் தமிழ் பிழைத்ததற்குக் காரணம், அது ஒரே வீட்டில் இல்லாமல் இருந்ததே. இதற்கு மாறாக, 1981 மே 31 ஆம் நாள் இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி உள்ளவை மீண்டும் கிடைத்தன. பிரதியற்றவை என்றென்றைக்கும் மறைந்தன. இந்தப் பாடத்துக்கு நாம் கொடுத்த விலை போதாதா?

மறுப்புரைகளும் விடைகளும்

“இத்தனை பிரதிக்குப் பணம் எங்கே?” என்பர் சிலர். கணக்கைப் பார்ப்போம். ஓர் இலட்சம் காணிக் கோவைகள் உளவெனவும், கோவை ஒன்றுக்கு இருபது பக்கங்கள் எனவும் வைத்துக்கொள்வோம். பக்கத்தின் படம் ஒன்று ஒரு மெகாபைட் என்றால், மொத்தம் இரண்டு தெராபைட். ஆறு முழுப் பிரதி வைத்தாலும் பன்னிரண்டு தெராபைட். அது கடையில் வாங்கும் சில வட்டுகளில் அடங்கிவிடும் அளவு. தென்கொரியாவில் எரிந்த தொகுதியில் எழுபதில் ஒரு பங்குகூட அன்று. காணியேடு பொருளாற் பெரியது, பருமனாற் சிறியது. ஆகவே பணமில்லை என்ற சொல் இங்கே செல்லாது.

“தூரத்தில் வைத்தால் வேலை தாமதமாகுமே” என்பர் பொறியியலாளர் சிலர். உண்மைதான். ஒளி, கண்ணாடி இழையில் செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மும்பாய்க்குப் போய்வரக் குறைந்தது பதினைந்து மில்லிசெக்கன் ஆகும். செக்கனுக்கு ஆயிரமாயிரம் கணக்கெழுதும் வங்கிக்கு அது பெரிய தாமதம். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் நாளொன்றுக்கு எத்தனை பதிவு நடக்கும்? அருகிலுள்ள மூன்று வலயங்களில் உடனுக்குடன் எழுதி, தொலைவிலுள்ள நிலையத்துக்குச் சற்றுப் பிந்தி அனுப்பினால் போதும். அவ்வாறு பிந்தும் நேரம் எவ்வளவென முன்கூட்டியே எழுத்தில் வரையறுக்கவேண்டும், அவ்வளவே.

“பழைய தாளே போதும், கணினி எதற்கு?” என்பர் மூத்த விவசாயிகள். அவர்களுடைய ஐயத்தில் நியாயமுண்டு. மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட மதிப்பளித்த 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டமே, அசையா ஆதனத்தை விற்கும் ஒப்பந்தங்களையும் இறுதி விருப்பாவணங்களையும் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. ஆகவே தாளின் இடத்தைக் கணினி பிடிக்கலாகாது. ஆனால் தாள் ஒன்றே இருந்தபோது எமக்கு நேர்ந்ததையும் மறக்கலாகாது. தாளுக்கு முகில் துணை. முகிலுக்குத் தாள் துணை. ஒன்றை ஏற்றியதும் மற்றதை எரிப்பதே தவறு.

எமது கோரிக்கைகள்

காணிப் பேரேடுகளை முகிலில் ஏற்றும் எந்த ஒப்பந்தத்திலும் பின்வரும் நிபந்தனைகள் எழுத்தில் இடம்பெறவேண்டுமென நாம் கோருகின்றோம்.

ஒன்று: சேமிப்புக் கொத்து ஒன்றுக்கொன்று சாராத மூன்று வலயங்களில் அமையவேண்டும். ஒரே மின்சாரத்தையோ ஒரே கட்டடத்தையோ இரண்டு வலயங்கள் பங்கிடலாகாது.

இரண்டு: குறித்த காலம் முடியும்வரை எவராலும் திருத்தவோ அழிக்கவோ முடியாத காப்புப் பிரதி ஒன்று, வேறொரு கம்பனியிடம், வேறொரு கணக்கில் இருக்கவேண்டும்.

மூன்று: எந்த வலையோடும் இணையாத பிரதி ஒன்று வட மாகாணத்துக்குள்ளேயே, அம்மாவட்டங்களின் அலுவலர் பொறுப்பில் இருக்கவேண்டும். தன் நிலத்தின் ஏட்டைக் காண வன்னி விவசாயி கொழும்புக்குப் பயணப்படும் நிலை ஏற்படலாகாது.

நான்கு: தரவுகள் மறைகுறியாக்கப்படவேண்டும்; அதன் சாவி கம்பனியிடம் மட்டும் இருத்தலாகாது. சாவி தொலைந்தால் ஆறு பிரதியும் குப்பையே. ஆகையால் அது இரண்டு அலுவலகங்களில், இருவர் ஒருங்கே கையொப்பமிட்டாலன்றித் திறவாத முறையில் பேணப்படவேண்டும்.

ஐந்து: ஆண்டுக்கு இருமுறை மீட்புப் பரீட்சை நடத்தி, அதன் பெறுபேற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடவேண்டும்.

ஆறு: பேரேட்டில் தன் பெயருள்ள ஒவ்வொருவருக்கும், பின்னுரித்தாளரின் பெயரும் அடங்கிய சான்றுபடுத்திய பிரதி கட்டணமின்றி வழங்கப்படவேண்டும். திருத்தம் செய்யப்படும்போதெல்லாம் காணிக்காரருக்கு அறிவித்தல் செல்லவேண்டும்.

இக்கோரிக்கைகள் கொழும்புக்கு மட்டுமானவையல்ல. எமது மக்களுக்கும் கடமையுண்டு. அனுமதிப்பத்திரம் உள்ளோர் தத்தம் பின்னுரித்தாளரின் நியமனம் பேரேட்டிற் பதிவாகியுள்ளதா என்று உடனே பார்த்துக்கொள்ளவேண்டும். சான்றுபடுத்திய பிரதியைப் பெற்று, ஒன்றை வீட்டிலும் ஒன்றை வேறூரிலுள்ள உறவினரிடமும் வைத்தல் வேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளோர் அதன் படத்தை அவர்களுக்கு அனுப்பிவைத்தால் அதுவும் ஒரு பிரதியே. கணினித் துறையிலுள்ள எமது இளைஞர் இவ்வொப்பந்தங்களின் நிபந்தனைகளைக் கருத்தூன்றிப் படித்து, குறையை வெளிப்படுத்தவேண்டும். சட்டத்தரணிகள் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒவ்வொரு பிரதேச செயலகத்திடமும் மூன்று வினாக்களைக் கேட்கவேண்டும். எமது காணிப் பேரேட்டுக்கு எத்தனை பிரதி உண்டு? அவை எங்கெங்கே உள? இறுதியாக மீட்டுப் பரீட்சித்த நாள் யாது? விண்ணப்பம் கிடைத்துப் பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு கூறும்படி அச்சட்டம் அலுவலரைக் கட்டுப்படுத்துகின்றது.

விசுவமடு விவசாயச் சங்கங்களின் அடுத்த கூட்டத்திலேயே அந்த விண்ணப்பம் எழுதப்படட்டும். கையொப்பமிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.